கணவருக்கு எச்.ஐ.வி., மனைவிக்கு இல்லை, 10 வாரக் கர்ப்பம்: ப்ரெப் மாத்திரை பிரசவம் தாண்டியும் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

செவ்வந்தி_ஆலோசகர்:

வணக்கம். நம்பிக்கை மையங்களில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடங்கள்) திரும்பத் திரும்ப வரும் நிலைமை இது. கணவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கி 3 மாதம் ஆகிறது. முதல் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) பரிசோதனைக்கு இன்னும் 3 மாதம் இருக்கிறது. மனைவிக்குத் தொற்று இல்லை, 10 வாரக் கர்ப்பம். "கருதான் தங்கிடுச்சே, இனி எதுக்கு ஆணுறை" என்று இருவருமே ஆணுறையை விட்டுவிட்டார்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத் தினம் ஒரு முன்தடுப்பு மாத்திரை (இனி ப்ரெப் என்றே எழுதுகிறேன்) போட மனைவி தயார்.

ஆனால் இப்போதே காலையில் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் எல்லாம் இனிமேல்தான் சேரப்போகின்றன. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு. அங்கே கணவரின் விஷயம் யாருக்கும் தெரியாது. பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த மாத்திரை போடலாமா என்று இப்போதே கேட்கிறார்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து இல்லையா, எந்தக் கட்டத்தில் மாத்திரை விட்டுப்போகும், அதற்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்? வேலை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

டாக்டர்_மகப்பேறு:

மேடம், முதலில் ஒரு கேள்வி. கடைசியாக ஆணுறை இல்லாமல் உறவு எப்போது? 72 மணி நேரத்துக்குள் என்றால் நேரே ப்ரெப் ஆரம்பிக்கக் கூடாது. 28 நாள் பின்தடுப்பு மருந்து, அதாவது மூன்று மருந்துக் கூட்டு, முதலில். அது முடிந்து பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்தால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் ப்ரெப்புக்கு மாற வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமலே மாத்திரை எழுதிக் கொடுப்பதுதான் முதல் பிழை.

அடுத்து அன்றே மூன்று பரிசோதனைகள். ஒன்று எச்.ஐ.வி. இரண்டாவது ஹெபடைட்டிஸ் பி. மூன்றாவது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு. இதில் கிரியேட்டினினை வாசிப்பதில் கவனம் வேண்டும். கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வேலை செய்யும். அதனால் கிரியேட்டினின் இயல்பாகவே டெசிலிட்டருக்கு 0.4 முதல் 0.8 மி.கி. வரை இறங்கியிருக்கும். ஆய்வகத் தாளில் 1.0 என்று வந்து பக்கத்தில் "நார்மல்" என்று அச்சாகியிருந்தாலும் கர்ப்பிணிக்கு அது நார்மல் இல்லை. வயது, எடை வைத்துப் போடும் வழக்கமான சூத்திரமும் கர்ப்பத்தில் பொருந்தாது. தென்னாப்பிரிக்க வழிகாட்டுதலில் கர்ப்பிணிக்கு லிட்டருக்கு 85 மைக்ரோமோல் என்று நேரடியாக ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் அது ஏறக்குறைய 0.96. அதைத் தாண்டினால் ப்ரெப் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி இருந்தால் ப்ரெப்பை மறுக்க வேண்டியதில்லை. இந்த மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துமே அந்த வைரசையும் அடக்கும். சிக்கல் நிறுத்தும்போதுதான். திடீரென்று விட்டால் கல்லீரல் அழற்சி பொங்கி எழும். பிரசவத்துக்குப் பின் அது இன்னும் எளிதாக நடக்கும். ஆகவே அந்தப் பெண்ணிடம், "இதை நீங்களாக நிறுத்தக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு ஆபத்தா என்ற பயத்துக்கு நேரான பதில்: டெனோஃபோவிரை முதல் மூன்று மாதத்தில் எடுத்த கர்ப்பிணிகளின் விவரங்கள் 1989 முதல் இயங்கும் உலகப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. டர்பனில் 540 கர்ப்பிணிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே, மற்றதற்குத் தாய்ப்பால் நிறுத்திய பிறகு என்று ப்ரெப் கொடுத்தார்கள். குறைமாதப் பிரசவம் கூடவில்லை.

மாத்திரை போடாமல் இருப்பதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை என்ற நிலையிலுள்ள தம்பதிகள் ஏறக்குறைய 2,750 ஜோடிகளை ஆப்பிரிக்காவின் 7 நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒவ்வொரு உறவிலும் பெண்ணுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு, கர்ப்பம் இல்லாத காலத்தைவிடப் பிற்பகுதிக் கர்ப்பத்தில் ஏறத்தாழ 3 மடங்கு, பிரசவத்துக்குப் பிந்திய 6 மாதத்தில் ஏறத்தாழ 4 மடங்கு. அந்த நேரத்தில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் ரத்தத்திலும் பாலிலும் வைரஸ் உச்சத்தில் இருக்கும், குழந்தைக்கு நேரே போகும். "கர்ப்பமா, மாத்திரை வேண்டாம்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்று. மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 16 முதல் 24 வயதுப் பெண்களிடம் தினமும் விழுங்குவதை நேரில் உறுதிசெய்து ரத்தத்தில் மருந்தளவை அளந்தார்கள். அப்படியும் கர்ப்ப காலத்தில் மருந்தளவு பிரசவத்துக்குப் பின் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது. அதற்காக இரண்டு மாத்திரையாகக் கூட்ட வேண்டாம். ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் உடம்பில் கையிருப்பு இருக்கும் என்ற சலுகை கர்ப்பிணிக்குக் கிடையாது, அவ்வளவுதான். பெண்களுக்கு 7 நாள் தொடர்ந்து போட்டால் பாதுகாப்பு வரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்காவில் 21 நாள் என்கிறார்கள். கர்ப்பிணிக்கு 21 நாள் வரை ஆணுறையும் சேரட்டும் என்பேன். உறவுக்கு முன் இரண்டு, பின் ஒவ்வொன்று என்று போடும் முறை ஆண்களுக்கானது. பெண்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

பார்மசி_கும்பகோணம்:

டாக்டர் சொன்னதோடு மருந்துக் கடைப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

லேபிளை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். வேண்டியது டெனோஃபோவிர் டிசோப்ராக்சில் ஃப்யூமரேட் 300 மி.கி., எம்ட்ரிசிடாபின் 200 மி.கி. பெயர் ஒரே மாதிரி இருக்கும் இன்னொரு மாத்திரையில் டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25 மி.கி. இருக்கும். "இது புதுசு, கிட்னிக்கு நல்லது" என்று சொல்லி அதை மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. கணவன் மனைவி உறவில் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று அதற்கு அங்கீகாரம் கிடையாது. சீட்டில் "டிசோப்ராக்சில்" என்ற சொல் முழுசாக இருக்கட்டும்.

கணவரின் டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவது அடுத்த தப்பு. அவருடைய மாத்திரையில் மூன்றாவதாக டோலுடெக்ராவிர் இருக்கிறது. 30 மாத்திரையை இரண்டு பேர் பங்கு போட்டால் 15ஆம் நாளே டப்பா காலி. அவருக்கு வைரஸ் ஏறும், இவருக்கோ பரிசோதனை, பதிவு எதுவுமே இல்லாமல் போகும்.

வாந்திக்கு: காலையில் கொடுக்காதீர்கள். பெரும்பாலோருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு அடங்கியிருக்கும், அப்போது போடட்டும். போட்ட 1 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் வேண்டாம். முழுசாக விழுங்க முடியாவிட்டால் ஏறக்குறைய 100 மி.லி. தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கரையவிட்டு உடனே குடிக்கலாம். கசக்கும். கரைத்து வைத்துவிட்டு அப்புறம் குடிப்பது கூடாது. மாத்திரையால் வரும் குமட்டல் முதல் மாதத்தோடு பெரும்பாலும் போய்விடும். கர்ப்ப வாந்தியும் அதே வாரங்களில் இருப்பதால் பழி முழுக்க மாத்திரை மேல் விழுகிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாவது வாரமே நிறுத்திவிடுவார்கள். தேவைப்பட்டால் டாக்சிலமைன், பி6 சேர்ந்த வாந்தி மாத்திரை கொடுக்கலாம், ப்ரெப்போடு மோதாது.

மறந்துவிட்டால், 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடலாம். அதைத் தாண்டினால் அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

இரும்புச்சத்து, கால்சியம் இரண்டுமே ப்ரெப்பைக் கெடுக்காது. (டோலுடெக்ராவிரைத்தான் கெடுக்கும். டாக்டர் சொன்ன பின்தடுப்பு மருந்து எடுக்கும் 28 நாளில் வெறும் வயிறு என்றால் கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடவேண்டும்.) ஆனால் இரும்பு மாத்திரையே குமட்டும். அதையும் ப்ரெப்பையும் ஒரே வேளையில் போட்டால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும். மதியம் இரும்பு, இரவு ப்ரெப் என்று பிரியுங்கள். கால்சியம் இரண்டு வேளையும் இரும்போடு சேராமல் இருக்கட்டும்.

வலி மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. சிசேரியன் ஆனவர்களுக்கு டைக்ளோஃபெனாக் நாள்கணக்கில் ஓடும். டெனோஃபோவிரோடு சேரும்போது சிறுநீரகத்துக்குச் சுமை. பாராசிட்டமால் போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள்.

களப்பணி_தேனி:

தாய்வீட்டு விஷயத்துக்கு வரேன். மாத்திரை விட்டுப்போறது பெரும்பாலும் அங்கதான். மறதியால இல்ல, கூச்சத்தாலயும் பயத்தாலயும்.

ஏழாம் மாசம் போனா, பிள்ளைக்கு மூணு மாசமோ அஞ்சு மாசமோ ஆனப்புறம்தான் புகுந்த வீடு. கூட்டிப் பாத்தா ஆறு முதல் எட்டு மாசம் நம்ம மையத்துப் பக்கமே வரமாட்டாங்க. வளைகாப்பு தேதி குறிச்ச உடனே வேலை தொடங்கணும். முதல்ல பரிசோதனை, அடுத்து 90 மாத்திரை, அதுக்கு மேல ஒரு 10 கையிருப்பு. தாய்வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஏ.ஆர்.டி. மையமோ (எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கற இடம்) நம்பிக்கை மையமோ எதுன்னு பாத்து, அங்க இருக்கற ஆலோசகர்கிட்ட அந்தப் பெண்ணோட சம்மதத்தோட பேசி வைக்கணும். இடம் தெரியலன்னா 1097க்குப் போன் பண்ணா சொல்லுவாங்க, காசு கிடையாது.

டப்பா. அம்மா, அண்ணி, தம்பி பொண்டாட்டி, யாராவது ஒருத்தர் மருந்துப் பேரைப் போன்ல தட்டிப் பாத்துருவாங்க. அப்புறம் "உனக்கு எய்ட்ஸா"ன்னுதான் முதல் கேள்வி. அதுக்கு ஒரு வாக்கியம் தயாரா இருக்கணும், அதைப் பொய்யா இல்லாம சொல்லக் கத்துக் கொடுக்கணும். "தொற்று வராம இருக்க டாக்டர் தினமும் ஒண்ணு போடச் சொல்லியிருக்கார்" இது போதும். ஹெபடைட்டிஸ் பி-க்கும் டெனோஃபோவிர் கொடுப்பாங்கன்னு தேடிப் பாத்தாலே தெரியும், யாரும் மேல நோண்ட மாட்டாங்க.

சிலபேர் இரும்பு மாத்திரை அட்டைக்குள்ள ஒளிச்சு வைக்கச் சொல்றாங்க. வேண்டவே வேண்டாம். சிவப்பு மாத்திரைய வீட்டுல வயசுப் பொண்ணுங்களும் எடுத்துப் போடுவாங்க. ஒரு வாரத்துக்கு ஏழு மட்டும் சின்ன டப்பாவுல, மீதி அதோட சொந்த டப்பாவுலயே, ஈரம் உறிஞ்சற பொட்டலத்தோட, பெட்டிக்குள்ள. குலுக்கினா சத்தம் வரும்னா பஞ்சு வைங்க. சமையக்கட்டு அலமாரியும் ஜன்னலோரமும் வேணாம், 30 டிகிரிக்கு மேல சூடு ஏறக்கூடாது.

தாய் சேய் அட்டையில ப்ரெப்னு எழுதாதீங்க. அந்த அட்டை வீடே புரட்டுற பொருள். தனிச் சீட்டு போதும். ஆனா பிரசவம் பாக்கற டாக்டருக்குத் தெரியணும். அந்தப் பெண்ணே சீட்டைக் காட்டட்டும், இல்லன்னா அவங்க சம்மதத்தோட நாம சொல்லலாம். 2017ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டப்படி கணவரோட நிலைய மாமியார்கிட்டயோ அம்மாகிட்டயோ நாம வாய் விட்டுச் சொல்லக் கூடாது.

செவ்வந்தி_ஆலோசகர்:

மூவருக்கும் நன்றி. வளைகாப்புக்கு முன் 90 மாத்திரை என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. அடுத்த சந்தேகம். தாய்வீட்டில் இருக்கும்போது உறவே இல்லை, அந்த மாதங்களில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்ததும் ஆரம்பிக்கலாமே என்று ஒரு சகா கேட்கிறார். தாய்ப்பால் கேள்விக்கும் பதில் வேண்டும்.

டாக்டர்_மகப்பேறு:

உறவே இல்லை என்பது உறுதியானால் நிறுத்தலாம். ஹெபடைட்டிஸ் பி இல்லாதவராக இருக்க வேண்டும். கடைசி உறவுக்குப் பிறகு 7 நாள் போட்டு, பரிசோதனை செய்து நிறுத்த வேண்டும். ஆனால் அந்த "உறுதி"யை யார் கொடுப்பது? வாரக் கடைசியில் மாப்பிள்ளை பிள்ளையைப் பார்க்க வருகிறார். அந்த வீட்டில் மாத்திரை டப்பாவும் இல்லை, ஆணுறையும் இல்லை. அதனால் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியும் நிறுத்தினால், புகுந்த வீடு திரும்பும் தேதி குறிக்கும்போதே மாத்திரையின் தேதியையும் குறிக்க வேண்டும். கிளம்புவதற்கு 3 வாரம் முன் எச்.ஐ.வி. பரிசோதனை, அன்றிலிருந்து மாத்திரை. வீட்டுக்கு வந்த பிறகு "அடுத்த வாரம் மையத்துக்குப் போகலாம்" என்று தள்ளிப்போடும் அந்த ஒரு மாதம், முன்பு சொன்ன 4 மடங்கு ஆபத்து இருக்கும் காலம். தையல் புண் முழுவதும் ஆறியிருக்காது, பால் கொடுப்பதால் பிறப்புறுப்பு வறண்டு இருக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் தன் மாத்திரை தாய்க்குக் கடைசி வேலை. எல்லாம் ஒரே நேரத்தில் சேர்கிறது.

தாய்ப்பால்: கென்யா, உகாண்டாவில் தாய் சேய் 50 ஜோடிகளிடம் பாலையும் குழந்தையின் ரத்தத்தையும் அளந்தார்கள். பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் டெனோஃபோவிர், குழந்தைக்கான சிகிச்சை அளவில் 0.01 சதவீதத்துக்கும் குறைவு. எம்ட்ரிசிடாபின் அரை சதவீதம் அளவுதான். பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தில் டெனோஃபோவிரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பாலை நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். மாத்திரைக்கும் பால் கொடுப்பதற்கும் நேர இடைவெளி எதுவும் தேவையில்லை.

ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வந்தால், அல்லது பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தால், கிரியேட்டினினை மறுபடி பார்த்த பிறகே மாத்திரையைத் தொடர வேண்டும்.

ஆய்வகம்_மதுரை:

பரிசோதனைத் தேதிகள் பற்றி. தொடங்கி 1 மாதத்தில் ஒன்று, பிறகு 3 மாதத்துக்கு ஒன்று. தனியாக வரச் சொன்னால் பச்சைக் குழந்தையோடு வரமாட்டார்கள். குழந்தையின் தடுப்பூசி 6, 10, 14ஆம் வாரங்களில் வருகிறது, அப்புறம் 9ஆம் மாதம் தட்டம்மை ஊசி. 6ஆம் வாரமும் 14ஆம் வாரமும் தாயின் ரத்தமும் சேர்ந்து எடுத்துவிடுங்கள். அதன்பின் 6ஆம் மாதம், 9ஆம் மாதம். மேற்கு கென்யாவில் ஹோமா பே, சியாயா மாவட்டங்களின் தாய் சேய் நல மையங்களில் ப்ரெப்பைக் கர்ப்பிணிப் பரிசோதனையோடும் தடுப்பூசி வருகையோடும் இணைத்துக் கொடுத்தார்கள். வருகை ஒன்றானால் அலைச்சல் பாதி. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அந்தரா ஊசி போடுபவர்களுக்கும் 3 மாதக் கணக்குதான், அதோடும் சேர்க்கலாம். அந்தராவும் டெனோஃபோவிரும் இரண்டுமே எலும்பின் அடர்த்தியைச் சற்றுக் குறைப்பவை என்பதால் காப்பர் டி-யையும் ஒரு வழியாகச் சொல்லுங்கள்.

ப்ரெப் போடுபவருக்குத் தொற்று வந்தால் எதிர்ப்பொருள் உருவாவது தாமதமாகலாம், சோதனைப் பட்டையில் கோடு மங்கலாக வரலாம். மங்கல் கோட்டை "இல்லை" என்று எழுதி அனுப்பாதீர்கள். மாத்திரை பல நாள் விட்டுப்போயிருந்து, காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டு என்று வந்தால் "பால் கட்டிய காய்ச்சல்" என்று விட்டுவிடாமல் அன்றே பரிசோதனை. அப்போது எடுக்கும் எதிர்ப்பொருள் சோதனையில் இல்லை என்று வந்தாலும் போதாது. வைரசையே தேடும் சோதனைக்கு ஏ.ஆர்.டி. மையம் வழியாக அனுப்ப வேண்டும். தொற்று உறுதியானால் இரண்டு மருந்தோடு தொடர்வது எதிர்ப்புத்திறனுள்ள வைரசை வளர்க்கும். தாய்க்கு அன்றே முழுக் கூட்டு மருந்து, குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் ரத்தத் துளிப் பரிசோதனையும். பால் கொடுப்பதையும் அன்றே மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

சிபிலிஸ் பரிசோதனையையும் கடைசி மூன்று மாதத்தில் மறுபடி செய்யுங்கள். ப்ரெப் அதைத் தடுக்காது.

செவ்வந்தி_ஆலோசகர்:

கணவரின் வைரல் லோடு இறங்கிவிட்டால் மனைவி நிறுத்திக்கொள்ளலாமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றியும் கேட்கிறார்கள்.

டாக்டர்_மகப்பேறு:

கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த செயல்விளக்கத் திட்டத்தின் முறையே அதுதான்: கணவர் கூட்டு மருந்து 6 மாதம் முடிக்கும் வரை மனைவிக்கு ப்ரெப் ஒரு பாலம். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றால் அவரிடமிருந்து உறவு வழியாகத் தொற்று வராது. ஆனால் மனைவி தாய்வீடு போன பிறகு தனியே இருக்கும் கணவர் தன் மாத்திரையை விடுவதும் அதே மாதங்களில்தான். அவருக்கு நினைவூட்டியவர் வீட்டில் இல்லை. 6ஆம் மாத முடிவு நன்றாக இருந்தது என்று நிறுத்திவிட்டு, மனைவி திரும்பும்போது கணவர் இரண்டு மாதமாக மருந்து வாங்கவில்லை என்றால் பாலம் இடிந்துபோயிருக்கும். மனைவி திரும்புமுன் கணவரின் மருந்துப் பதிவைப் பாருங்கள், முடிந்தால் வைரல் லோடை மறுபடி கேளுங்கள். மனைவி தாய்ப்பால் நிறுத்தும் வரை தொடர விரும்பினால் அது அவர் உரிமை, தடுக்காதீர்கள்.

ஊசி: தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,300க்கு மேற்பட்ட இளம்பெண்களிடம் நடந்த லெனகாபவிர் ஆய்வில் ஊசி போட்டவர்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். இடையில் கர்ப்பமானவர்களை வெளியே அனுப்பாமல் தொடரவிட்டார்கள். 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. டப்பாவை ஒளிக்கும் தொல்லையே இருக்காது என்பதால் தாய்வீட்டு மாதங்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இப்போதைக்கு நாம் கையாளப்போவது மாத்திரையைத்தான்.

செவ்வந்தி_ஆலோசகர்:

கடைசியாக ஒன்று. சிசேரியன் என்றால் வெறும் வயிறு, மறுநாளும் வெறும் நீராகாரம். அந்த இரண்டு நாள்?

பார்மசி_கும்பகோணம்:

இரவு 9 மணிக்குப் போடுபவர் மறுநாள் காலை அறுவை என்றால் முந்தின இரவு வழக்கம்போல் போட்டுவிடலாம். நீராகாரம் ஆரம்பித்ததும் அன்றிரவே மறுபடி தொடங்கலாம். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுவது நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை. பிரசவத்துக்கு எடுத்துப்போகும் பையில் 5 மாத்திரை தனியாக இருக்கட்டும். வார்டில் கொடுக்கும் மருந்துகளில் இது இருக்காது.